என் கதிரைக்கு இரண்டு ஆண்கள்

எங்கள் பிரதேச சபைத் தவிசாளர் பொய் சொல்கிறார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போன மாதம் பெண்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் சபையில் பெண் உறுப்பினர்கள் எல்லாத் தீர்மானங்களிலும் முழு மனதோடு பங்குபற்றுகிறார்கள், நாட்டுக்கே முன்மாதிரி என்று சொன்னார். நான் அந்த மண்டபத்தில் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்ன பெண் உறுப்பினர்களில் நானும் ஒருத்தி.

முழு மனதோடு நான் பங்குபற்றிய தீர்மானம் ஒன்றுகூட இல்லை. அரை மனதோடு பங்குபற்றியதும் இல்லை. என் பெயரால் இரண்டு ஆண்கள் பங்குபற்றினார்கள். ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பங்குபற்றினார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தட்டி, "உங்களத்தான் சொல்றார் ராத்தா, கை தட்டுங்க" என்றாள். நான் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நான் அபாயா தைக்கிறவள். படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்தது. என் வீடு கல்முனைப் பக்கத்து ஊர் ஒன்றில், பொதுச் சந்தைக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறது. எந்த ஊர் என்று எழுதமாட்டேன். எழுதினால் நான் சொன்னதை விட்டுவிட்டு ஊர் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவார்கள். ஊர்க்காரருக்கு வாசித்தவுடன் தெரியும், அது போதும்.

அந்தச் சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் கிடையாது. ஆண்களுக்கும் கிடையாதுதான். ஆனால் ஆண்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. எங்கள் ஊரில் எந்தச் சந்தியில் நின்றாலும் ஒரு பள்ளி தெரியும். தொழுகிறவனும் போகலாம், தொழாதவனும் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பெண் எங்கே போவாள்? சந்தைக்குப் பின்னால் உள்ள முதல் வீட்டுக் கதவைத் தட்டுவாள். அந்த வீடு என்னுடையது.

கைப்பிள்ளையோடு வருவார்கள். கர்ப்பிணிகள் வருவார்கள். பெருநாள் காலத்தில் என் வாசலில் வரிசை நிற்கும். அபாயா வாங்க நிற்கிறார்கள் என்று தெரியாதவர்கள் நினைப்பார்கள், என் தையலுக்கு அதனால் நல்ல பெயர் வந்தது. எல்லோரிலும் எனக்கு நெருக்கமானவள் சவளக்கடைக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கீரை கொண்டு வந்து விற்கும் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட வயதில் சின்னவள், அக்கா என்பதை எங்கள் சொல்லால் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாளைக்கு ஒரு தரத்துக்கு மேல் வரமாட்டாள், வெட்கம். நான் துணி எடுக்கக் கல்முனைக்குப் போய்க் கதவு பூட்டியிருந்தால், பின்னேரம் ஊருக்குத் திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருப்பாள். அதனால் விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாள். அவளுக்கு மூத்திரக் கடுப்பு வந்து வந்து போகும். "டொக்டர் தண்ணி குடிக்கச் சொல்றார் ராத்தா. குடிச்சா உங்கட வீட்டுக்குத்தானே ஓடி வரணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

என் அரசியல் இவ்வளவுதான். இதைத் தவிர எனக்கு வேறு கொள்கை இல்லை.

சபையில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். வேட்புமனு நேரம் எங்கள் ஊர்க் கட்சிக்காரர்கள் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் அறுக்கக் குர்பானுக்கு மாடு பார்க்கிற மாதிரி வீடு வீடாகத் திரிந்தார்கள். குறை இல்லாததா, முட்டாததா, யாருடைய பட்டியில் நிற்பது என்று விசாரித்தார்கள். பல்லை மட்டும்தான் பிடித்துப் பார்க்கவில்லை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாம் குடிப்படி நடக்கும். குடி என்பது தாய்வழி வம்சம். என் உம்மா எந்தக் குடியோ நானும் என் அண்ணன் காக்காவும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது, ஆகவே என் கணவர் வேறு குடி. வீடும் பெண்ணுக்குத்தான் எழுதப்படும், மாப்பிள்ளை வந்து இருப்பார். குடியும் பெண்ணால், வீடும் பெண்ணால். ஆனால் குடிக்காகப் பேசுகிறவர் ஒரு ஆண், அவரை மரைக்காயர் என்போம். ஒவ்வொரு குடி மரைக்காயரும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார். கட்சி எங்கள் குடிக்கு ஒரு பெண் இடம் கொடுத்தது. எந்தப் பெண் என்று தீர்மானிக்க எங்கள் குடி ஆண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

ஹோலில் அவர்கள் இருந்தார்கள். நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவரும் குசினியில்தான் இருந்தார். அவர் வேறு குடி, எங்கள் குடி பேசும்போது அவர் இருக்கக் கூடாது. பாவம், ஒரு வேலையும் இல்லாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அன்று தேங்காய் தேவைப்படவில்லை.

என் பெயர் வந்தது. சம்மதமா என்று மரைக்காயர் காக்காவிடம் கேட்டார். அவளுக்கு என்ன, நான் சொன்னால் சரி என்றார் காக்கா. நான் திரைக்குப் பின்னால் வந்து நின்று சொன்னேன்.

"ஓம், நான் நிக்கிறன். சந்தையில பொண்டுகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டணும். அதுக்குத்தான் நிக்கிறன்."

ஹோலில் யாரோ ஒருவர், ஆசையும் பெரிசில்லைதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அது என்ன பெரிய விசயமா புள்ள, கட்டினாச் சரி" என்றார் மரைக்காயர். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன், அவரிடம் உள்ளது வேறு கோளாறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

போஸ்டர் அடித்தார்கள். என்னைப் போட்டது மேலதிகப் பட்டியலில். அதில் உள்ளவருக்குத் தனியாக யாரும் வாக்குப் போட முடியாது, ஆனால் எங்கள் பெண்ணும் பட்டியலில் இருக்கிறாள் என்று குடிக்காரருக்குத் தெரிய வேண்டுமே. என் படம் போடக் கூடாது என்பதில் எல்லோரும் ஒற்றுமை. யார் படம் போடுவது என்பதில் சண்டை. கணவர் படம் போட்டால் அது வேறு குடி ஆளின் போஸ்டர் ஆகிவிடும் என்றார் காக்கா. மச்சான் படத்தைப் போட்டால் என் மனைவிக்கு மாப்பிள்ளை இல்லை என்று சனம் நினைக்கும் என்றார் கணவர். கடைசியில் இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் காக்கா, நடுவில் ஒரு ரோசாப்பூ. அந்த ரோசாப்பூ நான்.

சந்தை மதிலில் ஒட்டியிருந்ததைக் கீரைக்காரி நின்று பார்த்தாள்.

"இதில நீங்க எங்க ராத்தா?"

"பூ."

அவள் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "முள்ளு ஒண்டும் போடல்லியே" என்றாள்.

எங்கள் கட்சிக்குப் பட்டியலில் பெண் இடம் கிடைத்தது. நான் உறுப்பினர் ஆனேன். சத்தியப் பிரமாணத்தை நானேதான் வாசித்தேன், அதற்கு ஆள் வைக்கச் சட்டத்தில் இடமில்லையாம். அதுதான் அந்தச் சபையில் நான் சத்தமாகப் பேசிய முதல் தடவை.

முதல் அமர்வுக்குப் போனால் மண்டப வாசலில் சிற்றூழியர் எங்களை மறித்து, பெண்களுக்கு வேறு ஏற்பாடு என்று பின்பக்கம் கூட்டிப்போனார். அது சபையின் களஞ்சிய அறை. உடைந்த தெருவிளக்குகள், நாய் பிடிக்கும் வலை, டெங்குக்குப் புகை அடிக்கும் இயந்திரம். அவற்றுக்கு நடுவில் மேசை விரிப்புப் போட்ட ஒரு மேசையும் எங்களுக்குக் கதிரைகளும். சுவரில் ஒரு ஒலிபெருக்கி. மண்டபத்தில் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது நாய் வலைக்குக் கேட்கும்.

நான் தவிசாளரைத் தேடிப் போய்க் கேட்டேன். இது உங்கள் கண்ணியத்துக்காகச் செய்தது தங்கச்சி என்றார். ஆண்களுக்கு நடுவில் நின்று நான் தினமும் சந்தையில் மீன் வாங்குகிறேன், அங்கே என் கண்ணியத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். சிரித்தார். வாசிக்கிற நீங்களும் மார்க்கத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். மார்க்கம் படித்த பெண்கள் எத்தனையோ பேர் அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள், எவரையும் நாய் வலையோடு வைக்கவில்லை. சபைச் செயலாளர் மட்டும், இப்படிச் சட்டத்தில் இல்லை சேர் என்று மெதுவாகச் சொன்னார். இப்படிச் செய்ய வேண்டாம் என்றும் சட்டத்தில் இல்லை என்றார் தவிசாளர்.

சரி, மண்டபத்தில் எங்கள் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தால் அமர்வில் எடுக்கும் படத்தில் நன்றாக இருக்காதல்லவா? எங்களைக் கூட்டி வந்த ஆண்கள் அவற்றில் உட்கார்ந்தார்கள். என் பெயர்ப் பலகைக்குப் பின்னால் என் கணவர். அடுத்த மாதமே அவர் பேசத் தொடங்கினார். கை உயர்த்தத் தொடங்கினார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. தவிசாளரும் என் கணவரும் ஒரே குடி.

களஞ்சிய அறையில் எனக்குக் கூட்டாளி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர். வயது போனவர், நாங்கள் மாமி என்போம். அவருடைய கதிரையில் அவருடைய மகன். மாமி வந்தவுடன் வரவுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, புகை இயந்திரத்தின் மேல் காலை நீட்டிவிடுவார். அவருடைய கட்சியும் என்னுடைய கட்சியும் மண்டபத்தில் அடிபிடிப்படும்போது நாங்கள் ஒரே தட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் நான் ஏன் பொறுத்தேன் என்று கேட்பீர்கள். மலசலகூடத் தீர்மானத்தை நான் எழுதிக்கொடுக்க, கணவர் மண்டபத்தில் வாசித்தார், நிறைவேறியது. சந்தைக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான வெறும் நிலத்துண்டு ஒன்றை அதற்கு ஒதுக்கினார்கள். ஒலிபெருக்கியில் கேட்டபோது எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. எங்கே உட்கார்ந்தால் என்ன, வேலை நடக்கிறது என்று நினைத்தேன். கீரைக்காரியிடம் சொன்னேன். அவள் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள்.

பிறகுதான் எங்கள் குடி விழித்துக்கொண்டது. யார் கணக்குப் பார்த்தார்களோ தெரியாது. என் கணவரின் குடிக்குத் தவிசாளர் இருக்கிறார், இப்போது என் கதிரையில் இருந்து அவரும் பேசுகிறார், ஆக அந்தக் குடிக்கு இரண்டு பேர். எங்கள் குடிக்கு ஒருவரும் இல்லை. காக்கா கொதித்துப்போனார். அந்த இடம் எங்கள் குடிக்குக் கிடைத்தது, அதில் மச்சான் எப்படி உட்காரலாம்? விசயம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போனது. மரைக்காயர்மார் கூடி விசாரித்தார்கள். விசாரணைப் பொருள்: பெண் உறுப்பினர் யார், கணவரா, காக்காவா?

நான் அழைக்கப்படவில்லை. காக்காவின் மனைவி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் நான், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் அடிப்பதும் நான் என்று கணவர் வாதாடியிருக்கிறார். காக்கா ஒரே வார்த்தைதான் கேட்டாராம்.

"புருசன் மாறலாம். காக்கா மாறுவானா?"

மரைக்காயர்மார் நீண்ட நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பிறைக்குப் பிறை மாற வேண்டும். ஒரு பிறை கண்டால் கணவர், அடுத்த பிறை கண்டால் காக்கா. இரண்டு பேரும் கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டார்கள். நீதியான தீர்ப்பு என்று ஊரெல்லாம் பேச்சு.

நான் மரைக்காயர் வீட்டு வாசலில் போய் நின்றேன். குறை சொல்லமாட்டேன் என்றேனே, அவரிடம் கேட்டேன்.

"அப்ப எனக்கு எந்த மாசம்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். கேலி செய்யவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "உனக்கு எல்லா மாசமும்தானே புள்ள" என்றார்.

இதுதான் நான் சொன்ன கோளாறு. கெட்டவனோடு சண்டை பிடிக்கலாம். இவரோடு என்ன செய்வது?

சில மாதங்கள் அப்படியே ஓடின. ஒரு அமர்வில் என் பெயர்ப் பலகை கிராமத்து வீதிகளைப் பற்றிப் பேசும், அடுத்த அமர்வில் அதே பலகை அதற்கு மாறாகப் பேசும். மாமி ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு, "இண்டைக்கு நீ காக்கா போல இரிக்கி" என்பார். "உனக்கு ரெண்டு பேர். எனக்கு ஒரு மகன்தான், அவனும் ஒழுங்கா வாறான் இல்ல" என்று ஒரு நாள் குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்குள் தவிசாளருக்கு அந்த வெறும் நிலத்தின் மேல் கண் விழுந்தது. சந்தைக்குப் பின்னால் அகலமான நிலம், அதில் கக்கூஸ் கட்டி வீணாக்குவதா? கடைத்தொகுதி கட்ட வேண்டும் என்று ஒரு பிரேரணை கொண்டு வந்தார். அமர்வு அழைப்பிதழில் அதைப் பார்த்தவுடன் தையலை விட்டு எழுந்தேன். கணவரிடம் சொன்னேன், இதற்கு எதிராகக் கை உயர்த்துங்கள் என்று. ஓம் என்றார். காக்காவின் மாதமாக இருந்தாலும் என்று காக்காவிடமும் சொன்னேன். அவரும் ஓம் என்றார். எங்கள் ஊரில் ஆண்கள் பெண்களிடம் ஓம் சொல்வது, பேச்சை முடிப்பதற்கு.

அமர்வுக்கு முதல் நாள் பின்னேரம் பிறை பார்க்கும் நாள். வானம் முழுக்க முகில். வானொலியில் பிறை தென்படவில்லை, மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள் என்று அறிவித்தார்கள். ஆகவே கணவரின் மாதம் இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆனால் காக்காவுக்குக் கடற்கரையில் இருந்து அழைப்பு வந்ததாம், கரைவலைக்காரர் இரண்டு பேர் தென்மேற்கில் பிறையைக் கண்ணால் கண்டார்களாம். ஆகவே காக்காவின் மாதம் தொடங்கிவிட்டது.

காலையில் இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார்கள். நான் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தேன், காக்கா தன் மோட்டார் சைக்கிளில் பக்கத்திலேயே வந்தார். பிரதான வீதி முழுக்க எனக்கு மேலால் பிறையைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். கண்டவன் பெயரைச் சொல்லு என்று இவர். கொழும்பில் முகில் இருந்தால் இங்கே பிறை இல்லையா என்று அவர். ஒரு லொறிக்காரர் ஹோன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

களஞ்சிய அறையில் எங்களுக்கு முதலில் கேட்டது கதிரை இழுபடும் சத்தம். பிறகு சிற்றூழியர் இன்னொரு கதிரை கொண்டு வந்து போட்டார் போல. என் ஒரு பெயர்ப் பலகைக்குப் பின்னால் இரண்டு ஆண்கள்.

கடைத்தொகுதிக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார் தவிசாளர். எண்ணினார்கள். எதிரானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். எண்ணினார்கள். பிறகு செயலாளரின் குரல் கேட்டது.

"சேர், ஒரு உறுப்பினர் ரெண்டு பக்கமும் கை உயர்த்தியிரிக்கார்."

"எந்த உறுப்பினர்?"

"பெண் உறுப்பினர், சேர்."

என் கணவர் கடைத்தொகுதிக்கு ஆதரவாக உயர்த்தியிருந்தார். அதில் ஒரு கடை அவருக்கு என்று பேச்சு நடந்திருந்ததாம், எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. காக்கா எதிராக உயர்த்தினார். மலசலகூடத்தின் மேல் உள்ள அன்பால் அல்ல. மச்சான் ஆதரவாக உயர்த்தியதால்.

இப்போது எந்தக் கையை எண்ணுவது? அது பிறை தெரிந்ததா இல்லையா என்பதில் தங்கியிருந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எங்கள் பிரதேச சபை பிறையைப் பற்றி விவாதித்தது. வானொலிதான் முடிவு என்றார் ஒருவர். என் மைத்துனரும் பார்த்தார் என்றார் இன்னொருவர். ஒருவர் பொத்துவிலுக்கு அழைத்து அங்கே எப்படி என்று விசாரித்தார், அங்கேயும் இரண்டு கதை. சபையில் ஒரு தமிழ் உறுப்பினர் இருந்தார். அவரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர், நான் நேற்றிரவு வெளியே வரவில்லை என்றார்.

மலசலகூடத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

கடைசியில் தவிசாளர் தீர்ப்புச் சொன்னார். பிறை விசயத்தில் பிரதேச சபை தலையிட முடியாது. உறுப்பினருக்குத் தனக்குள்ளேயே ஒற்றுமை இல்லாதபடியால் அவருடைய வாக்கு செல்லாது. அதைக் கழித்துவிட்டு எண்ணினால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் தவிசாளருக்கு ஒரு மேலதிக வாக்கு.

நான் எழுந்தேன். எங்கே போகிறாய் என்று மாமி கேட்டார்.

"வாக்குப் போட."

மாமி புகை இயந்திரத்தில் இருந்து காலை எடுத்தார். அவருடைய கட்சி கடைத்தொகுதிக்கு ஆதரவு, மகனும் அப்படித்தான் கை உயர்த்தியிருந்தான். அப்படியிருந்தும், "நடகா புள்ள, நான் கதவப் புடிக்கிறன்" என்று சொல்லி எழுந்து வந்தார்.

மண்டபத்துக்குள் போனேன். எல்லோரும் திரும்பினார்கள். என் பெயரை அச்சடித்து வைத்திருந்ததை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். அதற்குப் பின்னால் கணவரும் காக்காவும் முதல் தடவையாக ஒரே மாதிரி முகத்தோடு இருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன். கடைத்தொகுதிக்கு நான் எதிர் என்றேன்.

"தங்கச்சி, உங்கட வாக்கு முடிஞ்சு" என்றார் தவிசாளர்.

"நான் இன்னும் போடவே இல்ல."

"ரெண்டு தரம் போட்டாச்சு. ஒராளுக்கு ஒண்டுதான். நீங்க இப்பவே ஒண்டு கூட."

"போட்டது நானா?"

செயலாளரைப் பார்த்தேன், அவர் மின்விசிறியைப் பார்த்தார். பார்வையாளர்கள் எழுந்து வெளியே போகலாம் என்றார் தவிசாளர். அந்த மண்டபத்தில் பார்வையாளர் என்று சொல்லக்கூடியவர்கள் பெண் உறுப்பினர்களின் கதிரையில் இருந்த ஆண்கள் மட்டும்தான். அவர்களில் ஒருவரும் அசையவில்லை. சிற்றூழியர் வந்து என் பக்கத்தில் நின்றார். தவிசாளர் தன் மேலதிக வாக்கைப் போட்டார். கடைத்தொகுதி நிறைவேறியது. நான் கையை இறக்கவில்லை. கை உயர்ந்தபடியே நின்றேன், அவர்கள் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். அது தெருவில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றியது.

கூட்ட அறிக்கையில் என்னைப் பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? நடுநிலை வகித்தார். ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம், கூட்டிப் பிரித்தால் நடுநிலை. நான் என் ஆயுளில் எதிலும் நடுநிலை வகித்தவள் இல்லை. என் உம்மாவிடம் கேளுங்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக் கக்கூஸுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். வீடு என் பெயரில் இருக்கிறது. ஒரு சாவி எனக்கு, இன்னொன்று வாசல் சாவியோடு கீரைக்காரிக்கு. கணவர் கேட்டபோது, கடைத்தொகுதி வரும், அதில் உங்கள் கடையில் போய் இருங்கள் என்றேன். அவர் கோபப்படவும் இல்லை. பள்ளிவாசலுக்குப் போய் வந்தார். பாருங்கள், தண்டிக்கவும் முடியவில்லை. அவருக்கு எப்போதும் போக ஒரு இடம் இருக்கிறது. இரண்டு வாரம் அப்படியே போய் வந்தார், தொழுகையும் ஒழுங்காகிவிட்டது என்று பள்ளியில் பாராட்டினார்களாம். பூட்டைக் கழற்றிவிட்டேன்.

கீரைக்காரிக்குக் கொடுத்த வாசல் சாவி உதவவில்லை. அடுத்தவர் வீட்டுக் கதவைத் தானே திறந்து உள்ளே போக அவளுக்கு மனம் வரவில்லை. நான் ஒரு கல்யாண வீட்டுத் துணிக்காகக் கல்முனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த வாரம், அவள் பழையபடி தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். சந்தையிலேயே காய்ச்சலும் குளிருமாக விழுந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார்களாம். பார்க்கப் போனேன். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப எவ்வளவும் குடிக்கலாம் ராத்தா. இஞ்ச கக்கூஸ் இரிக்கி" என்றாள்.

அவள் மறுபடி சந்தைக்கு வந்துவிட்டாள். பாதிக் கீரைதான் கொண்டு வருகிறாள், தூக்க முடியவில்லை. அவள் உட்காரும் இடத்தில் இருந்து பார்த்தால் அந்த நிலம் தெரியும். அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். கம்பி கட்டவில்லை, சுவர் எழும்பவில்லை. இன்னும் நிறுத்தலாம். என் கையை எண்ணியிருந்தால் அந்தப் பிரேரணை ஒரு வாக்கால் தோற்றிருக்கும். மேலதிக வாக்குக்கு வேலையே இருந்திருக்காது. அந்த நிலம் இன்றைக்கும் மலசலகூடத்துக்கு ஒதுக்கிய நிலமாகவே இருக்கும்.

நான் தவிசாளரிடம் எழுத்தில் கேட்டேன், பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன், தவிசாளரின் மனைவி தேநீர் தந்தார், தவிசாளர் பின்வாசலால் போய்விட்டார். மரைக்காயரிடம் கேட்டேன், அடுத்த தடவை பிறையைச் சரியாகப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். கட்சியிடம் கேட்டேன், ஊர்ப் பிரச்சினையை ஊரில் தீருங்கள் என்றார்கள்.

ஆகவே ஊருக்கு முன்னால் கேட்கிறேன். அடுத்த அமர்வில் நான் என் கதிரையில் இருப்பேன். இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன், வந்தால் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். கீரைக்காரியும் வருவாள். அவளுக்கு எங்கள் சபையில் வாக்கு இல்லை, ஆனால் பொதுமக்கள் இருக்கும் பக்கத்தில் யாரும் இருக்கலாம். மாமியும் மண்டபத்துக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார், வெற்றிலை துப்ப வாளி வைக்கச் சொல்லுங்கள்.

தவிசாளர் அவர்களே, அன்றைக்குக் கதவைத் திறந்து வையுங்கள். எழுந்து நில்லுங்கள். உயர்த்தியவள் உறுப்பினர், உயர்ந்தது ஒரு கை, எல்லோரும் கண்டார்கள். அதை ஏன் எண்ணவில்லை? பிறையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஊர் கேட்க, கீரைக்காரி முகத்தைப் பார்த்து, பதில் சொல்லுங்கள்.